பழைய டாரட் சீட்டுகளைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டாரட் சீட்டு என்றதும் நம்மில் பலருக்கு ஜோசியம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தச் சீட்டுகள் பிறந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் வரை ஐரோப்பியர்கள் அவற்றை வைத்துச் செய்தது பெரும்பாலும் ஒன்றுதான்: சீட்டாட்டம். அரண்மனையிலும் ஆடினார்கள், சத்திரத்திலும் ஆடினார்கள். தலைகீழாகத் தொங்கும் மனிதனும், எலும்புக்கூடும், பெண் போப்பும் அன்றைய இத்தாலியர்களுக்குப் பெரிய மர்மம் இல்லை. தேவாலயச் சுவரிலும் ஊர்வலத்திலும் தெருமுனையிலும் அவர்கள் பார்த்துப் பழகிய உருவங்களே சீட்டில் ஏறின.

அந்த மக்களின் கண்ணோடு பழைய சீட்டுகளைப் பார்க்கப் பழகுவதற்கான வழிகாட்டி இது. ஓவியம், வரலாறு, சீட்டாட்டம் மூன்றில் ஒன்றில் ஆர்வம் இருந்தால் போதும். டாரட்டை ஜோசியத்துக்குப் பயன்படுத்துகிறவர்களும் தாராளமாகப் படிக்கலாம். கையில் இருக்கும் படம் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

படி 1: முதலில் ஆட்டம் தெரிய வேண்டும்

வழக்கமான டாரட் கட்டில் 78 சீட்டுகள். அதில் 56 சீட்டுகள் நான்கு இனங்களாகப் பிரியும்: கோப்பை, நாணயம், வாள், தடி. ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள். அப்புறம் பணியாள், குதிரைவீரன், ராணி, ராஜா என்று நான்கு படச் சீட்டுகள். மிச்சம் 22. அவற்றில் 21 துருப்புச் சீட்டுகள், ஒன்று மட்டும் தனி ஆள்: பித்தன்.

28 அல்லது 304 ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். அங்கே ஒவ்வோர் ஆட்டத்திலும் நாம் ஓர் இனத்தைத் துருப்பாக வைக்கிறோம். டாரட்டில் துருப்பு நிரந்தரம். அதற்கென்றே 21 தனிச் சீட்டுகள். கேட்ட இனம் கையில் இல்லாவிட்டால் துருப்பு போட்டு வெட்ட வேண்டும். துருப்புக்குத் துருப்பு மோதினால் மேல்வரிசைச் சீட்டு பிடியை எடுக்கும். பித்தன் எதையும் வெட்ட மாட்டான், பெரும்பாலான ஆட்டங்களில் அவனை யாரும் பிடிக்கவும் முடியாது. போட்டவர் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

படத்தைப் படிக்க ஆட்ட விதி எதற்கு என்று தோன்றலாம். டாரட் படங்கள் தனித்தனி ஓவியங்களாக வரையப்பட்டவை அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வரிசை அது. எது எதை வெட்டுகிறது என்பதில்தான் பாதி அர்த்தம் இருக்கிறது. சக்கரவர்த்தியைக் காதல் வெட்டும். காதலை மரணம் வெட்டும். மரணத்தையும் வெட்டுகிற சீட்டுகள் மேலே இருக்கின்றன. இதை மனதில் வைக்காமல் ஒரு சீட்டை மட்டும் உருவி எடுத்துப் பார்த்தால், ஓவியத்தின் அழகு தெரியும், அதன் இடம் தெரியாது.

படி 2: வயதையும் பிறந்த ஊரையும் சரிபாருங்கள்

இணையத்தில் ‘பண்டைய எகிப்திலிருந்து வந்த ரகசிய நூல்’, ‘ஜிப்சிகள் கொண்டுவந்தது’ என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ஆவணங்கள் சொல்வது வேறு.

சாதாரணச் சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்கு வந்தது 1370-களில். 1377-இல் புளோரன்ஸ் நகரம் ‘நாயிபே’ என்ற புதிய ஆட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதே ஆண்டில் யோகன்னஸ் என்ற துறவி ஒருவர் சீட்டுகளைப் பற்றி லத்தீனில் ஒரு நூலே எழுதினார். சீட்டுகள் வந்த திசை எகிப்தின் மம்லூக் சுல்தான்களின் நாடு. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இருக்கும் மம்லூக் சீட்டுக்கட்டைப் பார்த்தால் உறவு தெரிந்துவிடும்: கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை. படச் சீட்டுகளில் மனித உருவம் கிடையாது. அரசர், துணையரசர், இரண்டாம் துணையரசர் என்று அழகான எழுத்தில் பதவி மட்டும் இருக்கும். போலோ தெரியாத ஐரோப்பியர்கள் மட்டையைத் தடியாக்கிக்கொண்டார்கள். ராணியை அவர்களே சேர்த்தார்கள்.

துருப்புகள் இதில் எதிலும் இல்லை. அவை வட இத்தாலியின் சொந்தச் சரக்கு. முதல் திட்டமான குறிப்பு 1440 செப்டம்பர், புளோரன்ஸ்: ஜுஸ்தோ ஜுஸ்தி என்ற பத்திர எழுத்தர், சிஜிஸ்மொண்டோ மலதெஸ்தா என்ற பிரபுவுக்கு ‘திரியோன்ஃபி’ சீட்டுக்கட்டு ஒன்றைப் பரிசளித்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். திரியோன்ஃபி என்றால் வெற்றி ஊர்வலங்கள். 1505 வாக்கில்தான் தாரோக்கி என்ற பெயர் ஏடுகளில் வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை டாரோ ஆக்கினார்கள்.

ஓர் எச்சரிக்கை: கட்டுகளுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர்களை அப்படியே நம்ப வேண்டாம். பாரிஸ் தேசிய நூலகத்தில் ‘ஆறாம் சார்லஸ் டாரட்’ என்று 17 சீட்டுகள் இருக்கின்றன. 1392-இல் பைத்தியம் பிடித்த அந்த பிரெஞ்சு மன்னனுக்காக மூன்று சீட்டுக்கட்டு வரைந்த கூலி கணக்கில் இருந்ததால், அவை இவைதான் என்று ஒரு காலத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் இவை 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சீட்டுகள். தப்பான பெயர் இன்றும் போகவில்லை.

படி 3: காசு கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் போவதென்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டில் தங்கத்தகடு இருக்கிறதா, மரக்கட்டை அச்சா? இரண்டும் இரண்டு உலகம்.

பெராராவை ஆண்ட எஸ்தே குடும்பத்தின் கணக்கு ஏடு இதற்கு நல்ல சாட்சி. 1442 பிப்ரவரியில் சக்ரமோரோ என்ற ஓவியருக்கு நான்கு கட்டுகளுக்காக 20 லிரா கொடுத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் வீட்டுச் சிறுவர்கள் எர்கோலே, சிஜிஸ்மொண்டோ இருவரும் விளையாட, பொலோன்யா வியாபாரி ஒருவரிடம் ஒரு கட்டு வாங்கினார்கள். விலை 12 சோல்தி சில்லறை. ஒரு லிராவுக்கு 20 சோல்தி. அதாவது ஓவியர் கட்டு ஒன்று, கடைக் கட்டைவிட எட்டு மடங்கு விலை. 1442-லேயே கடையில் தயாராக விற்கும் சரக்காக டாரட் இருந்தது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பிரபுக்களின் கட்டுகள் தங்கம் என்பதால் பத்திரமாக வைக்கப்பட்டன. சாதாரண ஜனங்களின் கட்டுகள் கிழிந்து, குப்பைக்குப் போயின. நாம் இன்று ‘டாரட்டின் தொடக்கம்’ என்று வியந்து பார்ப்பது பணக்காரர்கள் வீட்டில் மிஞ்சியதை மட்டுமே. இதை மறந்தால் எல்லாமே அரண்மனை விவகாரமாகத் தெரியும்.

சரி, அரண்மனைச் சீட்டையே எடுப்போம். மிலான் பிரபு பிலிப்போ மரியா விஸ்கோன்டி சீட்டில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். ஒரே ஒரு கட்டுக்கு 1,500 பொற்காசு கொடுத்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர் சொல்கிறார். அவருடைய ஒரே மகள் பியாங்கா மரியா 1441-இல் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா என்ற கூலிப்படைத் தளபதியை மணந்தார். அந்தத் தளபதி 1450-இல் மிலானின் பிரபுவாகவே ஆகிவிட்டார். இந்த இரண்டு குடும்பங்களுக்காக வரையப்பட்டவைதான் விஸ்கோன்டி-ஸ்ஃபோர்சா கட்டுகள்.

இவற்றில் தேட வேண்டியது குடும்பச் சின்னங்களை. மனிதனை விழுங்கும் பாம்பு, கதிர்வீசும் சூரியனும் புறாவும், ‘நியாயப்படி உரியது’ என்று பொருள்படும் பிரெஞ்சு வாசகம் எழுதிய நாடா: இவை விஸ்கோன்டி. பின்னிய மூன்று வைர மோதிரங்கள் ஸ்ஃபோர்சா. மகாராணி சீட்டில் அவள் உடுத்தியிருக்கும் ஆடையை உற்றுப் பாருங்கள். ஆடை முழுக்க அந்த மோதிர வேலைப்பாடு. யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் கட்டில் நாணய இனத்துக்குத் தனிப் படமே வரையவில்லை. பிலிப்போ மரியாவின் பொற்காசையே தங்கப்பரப்பில் அழுத்திப் பதித்திருக்கிறார்கள்.

சின்னங்கள் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு அதே யேல் கட்டின் காதல் சீட்டு. கூடாரத்தின் முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்து நிற்கிறார்கள், காலடியில் சின்ன நாய், தலைக்கு மேலே கண்கட்டிய காமதேவன். கூடாரத்தின் விளிம்பில் விஸ்கோன்டி பாம்பும், சிவப்பில் வெள்ளைச் சிலுவையும் மாறி மாறி வருகின்றன. அந்தச் சிலுவை சவோய் நாட்டுடையது என்றால், இது 1428-இல் பிலிப்போ மரியா சவோய் இளவரசியை மணந்ததன் நினைவு. பாவியா நகரத்துடையது என்றால், 1441-இல் மகளின் கல்யாணம். முதலாவது சரி என்றால் டாரட்டின் வயதே பன்னிரண்டு ஆண்டு கூடிவிடும். நான் 1441 பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் டாரட் பற்றிய எழுத்து ஆதாரங்கள் எல்லாம் திடீரென்று 1440-ஐ ஒட்டியே குவிகின்றன. ஒரு கூடாரத் துணியின் ஓரத்தில் இவ்வளவு விஷயம்!

பெண்களும் இந்த மேசையில் இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மிலானின் பொரோமியோ மாளிகைச் சுவரோவியத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள். யேல் கட்டில் ஒவ்வோர் இனத்திலும் ஆறு படச் சீட்டுகள் இருந்தன. குதிரைவீரனுக்கு ஜோடியாகக் குதிரைமேல் பெண், பணியாளுக்கு ஜோடியாகப் பணிப்பெண்.

படி 4: வரிசையை ஊர்வலமாகப் பாருங்கள்

திரியோன்ஃபி என்ற பெயர் சும்மா வைத்ததல்ல. அன்றைய இத்தாலிய நகரங்களில் திருவிழா நாட்களில் அலங்கார வண்டிகள் வரும். ஒவ்வொன்றிலும் காதல், கற்பு, மரணம், புகழ் போன்ற ஒரு குணமோ சக்தியோ மனித வேடத்தில் நிற்கும். பின்னால் வருவது முன்னால் போனதை வென்றது. கவிஞர் பெத்ரார்க் 14-ஆம் நூற்றாண்டில் இதே அடுக்கில் ஒரு காவியம் எழுதி, அது வீட்டுக்கு வீடு புகழ் பெற்றிருந்தது.

துருப்புகளை மூன்று கூட்டமாகப் பிரித்தால் வரிசை தெளிவாகும். அடியில் மனிதர்கள்: சந்தை வித்தைக்காரன், மகாராணி, சக்கரவர்த்தி, பெண் போப், போப். நடுவில் மனித வாழ்க்கையை ஆட்டிவைப்பவை: காதல், வெற்றி ரதம், தன்னடக்கம், மனவலிமை, அதிர்ஷ்டச் சக்கரம், காலம், தொங்குபவன், மரணம். மேலே பூமியைத் தாண்டியவை: பிசாசு, இடி விழுந்த கோபுரம், விண்மீன், நிலா, சூரியன், தேவதூதன் எக்காளம் ஊதும் நியாயத்தீர்ப்பு நாள், உலகம்.

இதில் இருபதுதான் வந்தன. மிச்சம் இருக்கும் நீதி ஊருக்கு ஊர் இடம் மாறும், மற்ற வரிசையும் அப்படித்தான். பொலோன்யாவிலும் புளோரன்ஸிலும் தேவதூதன் உச்சி. பெராராவில் உலகம் உச்சி. அதற்கு அடுத்த இடம் நீதிதேவதைக்கு. கடைசித் தீர்ப்பு நாளின் தூதனுக்கு அடுத்து நீதி வர வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்தது நியாயமாகவே படுகிறது. மிலானில் நீதி கீழே, எட்டாம் எண்ணை ஒட்டி. ஆக, ‘நீதிச் சீட்டின் எண் எட்டு, எட்டுக்கு இன்ன அர்த்தம்’ என்று யாராவது விளக்கினால், எந்த ஊர்க் கட்டு என்று கேளுங்கள். ஆரம்பக்காலக் கைவரைச் சீட்டுகளில் எண்ணே கிடையாது. ஆடுகிறவர்கள் வரிசையை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். மரணம் மட்டும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் 13-ஆம் இடத்தை விடவில்லை.

படி 5: ஒரே ஒரு சீட்டோடு நேரம் செலவிடுங்கள்

தொங்குபவனை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் மோர்கன் நூலகத்தில் உள்ள விஸ்கோன்டி-ஸ்ஃபோர்சா சீட்டில், மரச்சட்டத்திலிருந்து ஓர் இளைஞன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். மற்றக் கால் மடங்கிக் குறுக்கே வந்திருக்கிறது. கைகள் முதுகுக்குப் பின்னால். முகத்தில் வலியே இல்லை. இன்றைய டாரட் புத்தகங்கள் இந்த அமைதியைப் பார்த்துத் தியாகம், சரணாகதி, ஞானம் என்று எழுதுகின்றன.

அன்றைய இத்தாலியர் அவனைப் பெயர் சொல்லி அழைத்தார்கள்: துரோகி.

வட இத்தாலிய நகரங்களில் அவமான ஓவியம் என்று ஒரு தண்டனை இருந்தது. நகரத்தைக் காட்டிக்கொடுத்தவன், கடனைத் திருப்பாமல் ஓடிப்போனவன், கள்ளப்பத்திரம் செய்தவன் கையில் சிக்காவிட்டால், அவன் உருவத்தை அரசுக் கட்டடச் சுவரில் பெயரோடு வரைந்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒற்றைக் காலில், தலைகீழாக. மானமே மூலதனமாக இருந்த சமூகத்தில் இது சாதாரணத் தண்டனை இல்லை. கடன் கிடைக்காது, பெண் கிடைக்காது, குடும்பமே தலைகுனிய வேண்டும். பெரிய ஓவியர்களே இதை வரைந்தார்கள். 1440-இல் ஆந்த்ரேயா தெல் கஸ்தாஞோ புளோரன்ஸில் கலகக்காரர்களை இப்படி வரைந்ததால், ‘தொங்குபவர்களின் ஆந்த்ரேயா’ என்று பட்டப்பெயரே வந்தது. 1478-இல் மெதிச்சி சகோதரர்களைக் கொல்லச் சதி செய்தவர்களை வரைந்தவர் பொத்திசெல்லி. அந்தச் சுவரோவியங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் 1530 வாக்கில் ஆந்த்ரேயா தெல் சார்த்தோ இதே வேலைக்காகப் போட்ட கோட்டோவியங்கள் புளோரன்ஸில் இருக்கின்றன. பார்த்தால் டாரட் சீட்டுக்கு மாதிரி போட்டாரோ என்று தோன்றும்.

இதோடு ஸ்ஃபோர்சா குடும்பத்தின் கதையும் பின்னிக்கொள்கிறது. பிரான்செஸ்கோவின் அப்பா முத்ஸியோ அத்தெந்தோலோ ஸ்ஃபோர்சாவும் கூலிப்படைத் தளபதிதான். போப் பதவிக்கு உரிமை கொண்டாடிய இருபத்துமூன்றாம் ஜானிடம் வேலை பார்த்தவர், 1412-இல் அவரை விட்டு எதிரியான நேப்பிள்ஸ் மன்னரிடம் போய்ச் சேர்ந்தார். கோபம் கொண்ட ஜான், ரோம் நகரத்தின் பாலங்களிலும் வாயில்களிலும் முத்ஸியோவை வலது காலில் தொங்குகிறவராக வரையச் சொன்னார். கையில் மண்வெட்டி, பக்கத்தில், இவன் கோதிஞோலாவின் பட்டிக்காட்டான், திருச்சபைக்குப் பன்னிரண்டு துரோகம் செய்தவன் என்ற பொருளில் எழுத்து. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த மனிதரின் மகன் வீட்டில், தங்கத்தகட்டின்மேல் வரைந்த துரோகிச் சீட்டு மேசையில் விழுகிறது. பழைய கதை அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் வராமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்த இளைஞனின் முகத்தை ஓவியர் ஏன் இவ்வளவு கௌரவமாக வரைந்தார் என்ற கேள்விக்கு இதில் ஒரு துப்பு இருக்கலாம்.

இப்போது வேறு ஊர்ச் சீட்டோடு ஒப்பிடுங்கள். முன்பு சொன்ன ‘ஆறாம் சார்லஸ்’ கட்டில் தொங்குபவனின் இரண்டு கையிலும் பணப்பை. முப்பது வெள்ளிக்காசுக்கு ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே சீட்டு ஓரிடத்தில் அரசியல் துரோகி, இன்னோரிடத்தில் பைபிள் துரோகி.

படி 6: சர்ச்சை உள்ள சீட்டில் இரண்டு பக்கத்தையும் கேளுங்கள்

பெண் போப்புக்கு மூன்றடுக்கு மகுடம், கையில் சிலுவைக்கோலும் மூடிய புத்தகமும், உடம்பில் கன்னியாஸ்திரீ ஆடை. கத்தோலிக்க நாட்டில் இது எப்படி நடந்தது?

1966-இல் ஆய்வாளர் கெர்ட்ரூட் மோக்லி ஒரு விளக்கம் சொன்னார். 13-ஆம் நூற்றாண்டு மிலானில் குல்யெல்மா என்ற பெண்மணியைப் பரிசுத்த ஆவியின் அவதாரமாகவே ஒரு சிறு கூட்டம் வணங்கியது. அவர் இறந்த பிறகு, மைஃப்ரெதா என்ற கன்னியாஸ்திரீயைத் தங்கள் போப்பாக ஏற்றார்கள். 1300-ஆம் ஆண்டு மத விசாரணை மன்றம் மைஃப்ரெதாவை எரித்துக் கொன்றது. குல்யெல்மாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தது. மைஃப்ரெதா, விஸ்கோன்டி குடும்பத்துக்கு உறவு. ஆகவே சீட்டில் இருப்பது அந்தக் குடும்பத்துப் பெண் என்பது மோக்லியின் கட்சி.

எதிர்க்கட்சி: பெண் உருவில் மகுடமும் சிலுவையும் புத்தகமும் சேர்ந்து வந்தால் அது திருச்சபை அல்லது விசுவாசம் என்ற கருத்தின் உருவகம், தேவாலயக் கலையில் இது சகஜம். ஆண் வேடத்தில் போப் ஆனதாகச் சொல்லப்படும் ஜோன் என்ற பெண்ணின் கட்டுக்கதையும் அன்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மைஃப்ரெதா கதையில் மனம் ஒட்டிக்கொள்கிறது, ஆனால் வாதத்தில் இரண்டாவது கட்சிக்கே வலு அதிகம். இந்தச் சீட்டு மிலானில் மட்டும் இல்லை, பெராரா பட்டியலிலும் உண்டு. ஒரு குடும்பத்து ரகசியம் எல்லா ஊருக்கும் பரவியிருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் மிலான் ஓவியர் எளிய கன்னியாஸ்திரீ உடையைத் தேர்ந்தது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

படி 7: கையில் என்ன, தலையில் என்ன என்று பாருங்கள்

பழைய ஓவியத்தில் சின்னப் பொருளுக்கும் வேலை இருக்கும். சில உதாரணங்கள்.

இன்று துறவி என்று சொல்கிற சீட்டில், கையில் விளக்கு. விஸ்கோன்டி-ஸ்ஃபோர்சா சீட்டில் அதே கிழவரின் கையில் மணற்கடிகாரம். அவர் பெயர் காலம். பிற்கால அச்சுக்காரர்கள் கையில் மணற்கடிகாரம் விளக்காக மாறியது, அதோடு அர்த்தமும் மாறியது.

அதிர்ஷ்டச் சக்கரத்தில் நான்கு பேர், நான்கு லத்தீன் வாசகம்: ஆளப்போகிறேன், ஆள்கிறேன், ஆண்டேன், அரசு இல்லாமல் கிடக்கிறேன். ஏறுகிறவனுக்கும் உச்சியில் இருப்பவனுக்கும் கழுதைக் காது. இறங்குகிறவனுக்குக் கழுதை வால். அடியில் முழு மனிதனாக இருப்பது சக்கரத்தைச் சுமக்கும் கிழவன் மட்டும். பிரபுக்களின் பணத்தில் வரைந்த சீட்டில் இவ்வளவு துணிச்சல் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பித்தன் கந்தல் உடை, தோளில் தடி, தலைமுடியில் ஏழு இறகு. பதுவா நகரச் சிற்றாலயத்தில் 1305 வாக்கில் ஓவியர் ஜோத்தோ வரைந்த மூடத்தனம் என்ற உருவத்துக்கும் தலையில் இறகு, கையில் தடி. சந்தை வித்தைக்காரன் மேசை போட்டுக் கோப்பை, கத்தி, காசு பரப்பி உட்கார்ந்திருக்கிறான். துருப்பில் கடைசி இடம்; ஆனால் ஆட்டத்தில் புள்ளி கொழுத்த சீட்டு. அவனை இழக்காமல் காப்பாற்றுவதே ஆட்டத்தின் பெரிய சாமர்த்தியம்.

படி 8: நான்கு இனங்களில் அளவுக்கு மீறித் தேட வேண்டாம்

வாள் பிரபுக்கள், கோப்பை பாதிரிமார், நாணயம் வணிகர், தடி குடியானவர் என்று ஒரு விளக்கம் எங்கும் ஓடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நான்கும் மம்லூக் கட்டிலிருந்து வந்தவை. போலோ மட்டையில் இத்தாலியக் குடியானவர் எப்படி வருவார்? நம் நாட்டுக் கஞ்சிஃபா சீட்டுகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகும். தசாவதாரக் கஞ்சிஃபாவில் ஒவ்வோர் அவதாரமும் ஓர் இனம். அங்கே அர்த்தம் வைத்தே இனத்தை அமைத்தார்கள். டாரட்டில் இனங்கள் கடன் வாங்கியவை, அர்த்தம் பிறகு ஏற்றியது.

படி 9: யார் எரித்தார்கள், யார் திருத்தினார்கள்

எதிர்ப்பும் ஒரு சாட்சிதான். சியன்னாவின் பெர்னார்தினோ என்ற போதகர் 1423-இல் பொலோன்யாவில் பிரசங்கம் செய்ய, மக்கள் சீட்டையும் தாயத்தையும் கொண்டுவந்து நெருப்பில் போட்டார்கள். 1497-இல் சவோனரோலா என்ற துறவி புளோரன்ஸில் மூட்டிய நெருப்பிலும் சீட்டுக்கட்டுகள் போயின. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, பெயர் தெரியாத போதகர் ஒருவர் துருப்புகள் அத்தனையையும் வரிசையாகப் பட்டியலிட்டுத் திட்டியிருக்கிறார். போப்பும் சக்கரவர்த்தியும் சூதாட்டச் சீட்டில் இருக்கலாமா என்பது அவர் ஆதங்கம். அவர் திட்டிய புண்ணியத்தில்தான் பெராரா வரிசை நமக்குத் தெரிகிறது! ஆனால் ஜோசியம், மந்திரம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கக் காரணம் இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

நகராட்சிகள் அவ்வளவு கடுமை காட்டவில்லை. 1450-இல் புளோரன்ஸ் அனுமதித்த ஆட்டங்களின் பட்டியலில் திரியோன்ஃபியும் சேர்ந்தது. வெறும் அதிர்ஷ்டத்தை நம்பாமல் மூளையைக் கேட்கிற ஆட்டம் என்ற மதிப்பு அதற்கு இருந்தது.

திருத்தங்களில் சுவையானது 1725 பொலோன்யா சம்பவம். போப்பின் ஆட்சியில் இருந்த அந்த நகரத்தில், மோந்தியெரி என்ற பாதிரியார் நாடுகளின் விவரங்களை எழுதிய டாரட் கட்டு ஒன்றை வெளியிட்டார். அதில் பொலோன்யாவின் ஆட்சி ‘கலப்பு ஆட்சி’ என்று இருந்தது. நகரச் சபைக்கும் ஆட்சியில் பங்கு உண்டு என்ற அர்த்தம் வந்துவிட்டதால், போப்பின் பிரதிநிதி அவரைக் கைது செய்தார். ஊர் கொந்தளித்தது, விடுதலை செய்தார்கள். ஆனால் சீட்டில் போப், பெண் போப், சக்கரவர்த்தி, மகாராணி நால்வரும் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த இடத்தில் நான்கு கறுப்பின அரசர்களை வைத்தார்கள். பொலோன்யாவில் இன்றும் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

பெசான்சோன் என்ற பிரெஞ்சு நகரத்தின் பெயர் கொண்ட வகைக் கட்டுகளில் போப்புகளுக்குப் பதில் ரோமானியத் தெய்வங்களான ஜூபிடரும் ஜூனோவும் வந்தார்கள். பெல்ஜியத்தில் மதுக்கடவுள் பாக்கஸும் ஒரு ஸ்பானியக் கேப்டனும். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு சில கட்டுகளில் ராஜா ராணிகளின் கிரீடமே போய்விட்டது. உங்கள் கையில் இருக்கும் சீட்டில் யாரைக் காணவில்லை என்பதைக் கவனித்தால், அந்த ஊரில் எதைக் காட்டப் பயந்தார்கள் என்று தெரியும்.

படி 10: ஜோசியம் எப்போது நுழைந்தது

1750-ஐ ஒட்டிய பொலோன்யா தாள் ஒன்றில் சில சீட்டுகளுக்குக் குறி எழுதியிருக்கிறது. ஆனால் பெரிய திருப்பம் 1781, பாரிஸ். அந்த்துவான் கூர் தெ ஜெபெலின் என்ற அறிஞர், டாரட் பண்டைய எகிப்தியரின் ஞானநூல் என்று அறிவித்தார். எகிப்திய எழுத்தைப் படிக்கவே அப்போது யாருக்கும் தெரியாது; சாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைப் படித்தது 1822-இல். தொங்குபவனைப் பற்றி ஜெபெலின், அது விவேகம் என்ற நற்குணம், அச்சுக்காரர் தலைகீழாக்கிவிட்டார் என்றார். அவமான ஓவியத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்து எத்தெய்லா என்ற பெயரில் எழுதியவர் 1780-களில் டாரட் குறி சொல்லும் நூலும், அதற்கென்றே தனிக் கட்டும் வெளியிட்டார்.

இன்று உலகம் முழுக்க விற்கும் கட்டு 1909-இல் லண்டனில் வெளியானது. வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். எண் சீட்டுகளிலும் காட்சிகளை வரைந்ததால் அது பரவியது. இதற்கு முன்னோடி 1491-ஐ ஒட்டிய சோலா-புஸ்கா கட்டு. அதன் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அதில் வாள் மூன்றாம் சீட்டில் இதயத்தை மூன்று வாள்கள் துளைக்கின்றன. ஸ்மித்தின் வாள் மூன்றிலும் அதுவே.

படி 11: எங்கே பார்ப்பது, எப்படித் தொடங்குவது

விமான டிக்கெட் வேண்டாம். மோர்கன் நூலகம், யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகம், பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஆகியவை தங்கள் சீட்டுகளை இணையத்தில் தெளிவாகப் போட்டிருக்கின்றன. விஸ்கோன்டி-ஸ்ஃபோர்சா கட்டில் 74 சீட்டுகள் மிஞ்சியிருக்கின்றன: மோர்கனில் 35, இத்தாலியின் பெர்கமோ நகர கர்ராரா அருங்காட்சியகத்தில் 26, மிச்சம் 13 அதே ஊரில் ஒரு குடும்பத்திடம். பிசாசு, கோபுரம், வாள் மூன்று, நாணயக் குதிரைவீரன் ஆகிய நான்கும் இல்லை. இந்த நான்கையும் காட்டுகிற ‘விஸ்கோன்டி கட்டு’ கடையில் கிடைத்தால், அவை இக்காலத்தவர் வரைந்து சேர்த்தவை என்று அறிக.

முதலில் மூன்றே சீட்டு போதும்: தொங்குபவன், அதிர்ஷ்டச் சக்கரம், மகாராணி. ஒவ்வொன்றையும் திரையில் பெரிதாக்கி, மேல் விளிம்பில் ஆணி குத்திய துளை இருக்கிறதா, தங்கம் எங்கே தேய்ந்திருக்கிறது, ஆடையில் என்ன சின்னம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே மூன்றையும் 1760-இல் மார்செய் நகரத்தில் நிக்கோலா கொன்வேர் அச்சிட்ட கட்டில் பாருங்கள். அங்கே தங்கம் இருக்காது. மரக்கட்டைக் கோடு, சில வண்ணங்கள், மேலே எண், கீழே பெயர். சக்கரத்தில் மனிதர்கள் போய் விலங்குகள் ஏறியிருக்கும். எது மாறியது, எது மாறவில்லை என்று இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். அது முடிந்ததும் மன்மதக் கூடாரம் இருக்கும் யேல் சீட்டுக்குப் போகலாம். சிலுவை யாருடையது என்ற வழக்கில் நீங்களும் ஒரு கட்சி எடுக்கலாம்.